அடித்தல் திருத்தலுக்குக் கையெழுத்து எங்கே?

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இயங்கும் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கும், மதிப்பெண் விதிகளை வகுக்கும் தொழில்நுட்பக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் ஜிம்னாஸ்ட் இல்லை, நடுவரும் இல்லை. கூட்டுறவு வங்கி ஒன்றில் 31 ஆண்டுகள் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்துப் பத்திரங்களின் கடைசியில் ‘அடித்தல் திருத்தல் இல்லை’ என்று ஒரு வரி இருக்கும். அப்படி ஏதும் இருந்தால், எந்தப் பக்கம், எந்த வரி, எத்தனை இடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேரேட்டிலும் அப்படித்தான். தவறாக விழுந்த எண்ணைச் சுரண்டக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. பழைய எண் கண்ணுக்குத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, மேலே சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரே ஒருநாள் இதைச் செய்யாமல் விட்டதற்காகத் தணிக்கையாளரிடம் வாங்கிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் விதிகளைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி இவ்வளவுதான்.

தமிழில் எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் இதைப் படிக்க ஆள் இருக்காது என்று தெரியும். உங்கள் விதிநூலை முழுக்கப் புரிந்து படிப்பவர்கள் எங்கள் பக்கத்திலும் அபூர்வம்தான். அந்த வகையில் கணக்கு நேராகிவிட்டது.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறும் உங்கள் விதிநூல் 2025-இல் மறுபடி மாறியது. ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாண்டும் வால்ட் நீங்கலாக, ஆண்களின் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் பத்து வித்தைகளைக் கணக்கில் எடுத்துவந்தீர்கள். இப்போது எட்டு போதும் என்கிறீர்கள், பெண்களுக்கு முன்பே இருப்பதுபோல. நல்ல காரியம். பத்து என்பது பல நேரங்களில் இட்டு நிரப்பிய கணக்காகத்தான் இருந்தது. உயரக் கம்பியான ஹை பாரில் எட்டாவது வித்தையைத் தாண்டும்போதே பிடி தளர்வதும், மூச்சு வாங்குவதும் வீட்டுத் தொலைக்காட்சியில் எனக்கே தெரிந்தது. மிச்சமான இடத்தில் இன்னும் கடினமான எதையாவது திணிக்கத்தான் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம். அது மனித சுபாவம், அதற்கு விதி போட முடியாது. எட்டா பத்தா என்று வாதாட நான் இந்த மடலை எழுதவில்லை. எண்ணை மாற்றும் ஒவ்வொரு முறையும் நீங்கள் எழுதாமல் விடும் ஒன்றைப் பற்றியே என் புகார்.

உங்கள் கணக்குமுறை எனக்கு அந்நியமாகப் படவில்லை. ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் பற்று. வரவுப் பக்கம் கடினத்தன்மை மதிப்பெண், நீங்கள் ‘டி’ என்று குறிப்பது. வித்தை ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ஏ என்றால் 0.1, பி என்றால் 0.2, இப்படியே படியேறி ஜே என்றால் முழுதாக 1.0. கட்டாயமாக இடம்பெற வேண்டிய வகைகளுக்கும், வித்தைகளை இடைவிடாமல் கோத்துச் செய்வதற்கும் தனியாகச் சேர்ப்பு உண்டு. இந்தப் பக்கத்துக்கு உச்சவரம்பு கிடையாது. பற்றுப் பக்கம் செய்நேர்த்தி, ‘இ’. கையிருப்பு 10.0 என்று வைத்துத் தொடங்கி, கால் சற்று விலகினால் 0.1, முழங்கால் நன்றாக மடங்கினால் 0.3 என்று கழித்துக்கொண்டே வருவீர்கள். கீழே விழுந்தால் ஒரே வீச்சில் 1.0 போய்விடும். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் மொத்தம். எங்கள் தெருவில் கம்பின் மேலும் கயிற்றின் மேலும் நடந்த கழைக்கூத்தாடிப் பெண்ணுக்கு விரித்த துணியில் விழுந்த காசுதான் மதிப்பெண். அதைவிட இது எவ்வளவோ நாகரிகம்.

பழைய முறை இன்னும் எளிது. பத்துக்கு எத்தனை? 1976 ஜூலை 18 அன்று மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் பதினான்கு வயது நாடியா கோமனெச்சி, உயரம் வேறான இரண்டு கம்பிகளான அன்ஈவன் பார்ஸிலிருந்து இறங்கியபோது பலகையில் 1.00 என்று வந்தது. பத்து என்று காட்ட அந்தப் பலகையில் இடமே இல்லை. அந்த ஒரு போட்டியிலேயே அவர் ஏழு பத்துகள் வாங்கினார். அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் நிறையப் பேர். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் போட்டிகளில் இன்றும் பத்துக்குத்தான் மதிப்பெண், அரங்கமே எழுந்து கூத்தாடுகிறது. எனக்கு அந்த ஏக்கம் இல்லை. பத்துக்கு மேல் எண்ணே இல்லாத பேரேட்டில் பத்து ரூபாய் போட்டவருக்கும் நூறு ரூபாய் போட்டவருக்கும் ஒரே இருப்புத்தான் காட்டும்.

ஆனால் பத்தை நீங்கள் விட்டது இந்தத் தத்துவத்தை யோசித்து மட்டும் இல்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பட்ட அவமானம் உங்களைத் தள்ளியது. ஆகஸ்ட் 18, ஆண்களுக்கான தனிநபர் ஒட்டுமொத்தப் போட்டி. தென்கொரியாவின் யாங் டே-யங் இணைக் கம்பிகளான பேரலல் பார்ஸில் செய்த நிகழ்ச்சிக்குத் தொடக்க மதிப்பு, அதாவது கழிக்கத் தொடங்கும் எண், 10.0. நடுவர்கள் 9.9 என்று எழுதிவிட்டார்கள். முடிவில் அமெரிக்காவின் பால் ஹாம் 57.823, யாங் 57.774. இடைவெளி 0.049, விடுபட்டது 0.1. மூன்று நடுவர்களை இடைநீக்கம் செய்தீர்கள், தவறு நடந்தது என்று ஒப்புக்கொண்டீர்கள், எண்ணை மட்டும் மாற்றவில்லை. பிறகு நீங்கள் செய்ததுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது. பால் ஹாமுக்கு ஒரு கடிதம் எழுதி, பதக்கத்தைத் தானாகக் கொடுத்துவிட்டால் அது பெரிய நேர்மையாகப் பார்க்கப்படும் என்கிற தோரணையில் கேட்டீர்கள். கணக்கில் பிழை செய்தது காசாளர், பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டது வரிசையில் நின்ற வாடிக்கையாளரிடம்!

யாங்கின் நிகழ்ச்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். மூன்று நிறுத்தங்களுக்குத்தான் அனுமதி, அவர் நான்கு செய்தார், அதற்கு 0.2 கழித்திருக்க வேண்டும் என்று. ஒரு திருத்தம் போட்டால் யாங்குக்குத் தங்கம், இரண்டு திருத்தமும் போட்டால் ஹாமுக்கே தங்கம். கொரியர்களின் முறையீடு போட்டி நடக்கும்போதே வந்திருக்க வேண்டும் என்று சொல்லி, சர்வதேச விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அக்டோபரில் அதைத் தள்ளியது.

அதே ஏதென்ஸில் ஐந்து நாள் கழித்து ஹை பார் இறுதிப்போட்டி. ரஷ்யாவின் அலெக்ஸி நெமோவ் கம்பியை விட்டு விட்டுப் பறந்து பிடித்தார். பலகையில் 9.725. அரங்கம் கூச்சலிட்டது, நிற்கவே இல்லை. நடுவர்கள் கூடிப் பேசி 9.762 ஆக்கினார்கள். கூச்சல் இன்னும் பெரிதானது. அடுத்து ஆட வேண்டிய பால் ஹாம் கையில் சுண்ணத்தூளோடு காத்து நிற்க, நெமோவே மேடையேறி, உதட்டில் விரல் வைத்து, கூட்டத்தைக் கையெடுத்துக் கேட்டு அமைதிப்படுத்தினார். கூச்சல் போட்டால் 0.037 கிடைக்கும் என்று அன்று உலகம் தெரிந்துகொண்டது. காரணம் என்ன, யார் எதை மறந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சந்தையில் பேரம் பேசிக் கூட்டிய விலை போலத்தான் அது இருந்தது.

2006-இல் பத்தைக் கைவிட்டுக் கணக்கை இரண்டாகப் பிரித்தீர்கள். சரியான முடிவு. யார் அதிகம் செய்தார், யார் நன்றாகச் செய்தார் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க முடிந்தது. ஆனால் வரம்பில்லாத வரவுப் பக்கம் என்றால் ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு விலை வைத்தாக வேண்டும். விலை வைப்பவர் கையில் அதிகாரம் வந்துவிடுகிறது. எங்கள் ஊரில் வழிகாட்டி மதிப்பு என்று நிலத்துக்கு அரசு விலை வைப்பதைப் பார்த்தவள் நான், அதனால் சொல்கிறேன்.

2016 ஆகஸ்ட் 14, இங்கே இரவு பதினொன்றேகால் மணி. மறுநாள் சுதந்திர தினம், தெருமுனையில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரியோவில் வால்ட் இறுதிப்போட்டி. ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர். திரிபுராவின் அகர்தலாவிலிருந்து வந்தவர். பழைய ஸ்கூட்டர் பாகங்களைக் கொண்டு செய்த ஸ்பிரிங் போர்டில் அவர் பழகினார் என்று படித்திருக்கிறேன். முதல் வால்ட்டுக்கு 14.866. அடுத்தது புரொடுனோவா. ஓடிவந்து, மேசையில் கை ஊன்றித் தள்ளி, முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம். முன்பக்கமாகச் சுழல்வதால் தரை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாமலே கால் வைக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் தலை, கொஞ்சம் கூடினால் முகம். பத்திரிகைகள் அதற்கு மரண வால்ட் என்று பெயர் வைத்திருந்தன. தீபா இறங்கினார். பாயில் உட்கார்ந்துவிட்டார் என்றே நினைத்தேன். ஒரு விரற்கடை இருக்கும்போது தொடையை இறுக்கி எழுந்து நின்றார். கடினத்தன்மை 7.0, செய்நேர்த்தி 8.266, மொத்தம் 15.266. இரண்டின் சராசரி 15.066. வெண்கலம் வாங்கிய ஜூலியா ஸ்டைங்ரூபர், உங்கள் நாட்டுப் பெண்தான், 15.216. நடுவில் 0.150. என் கணவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஆண்டு தொடங்கிய விதிநூலில் புரொடுனோவாவின் விலை 7.0-இலிருந்து 6.4 ஆனது. அதே 2017-இல் தீபாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சையும் நடந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனாலும் என் குறிப்பேட்டில் பக்கத்துப் பக்கத்து வரிகளில் அவை விழுந்துவிட்டன.

விலையைக் குறைத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. நானும் ஒரு பெண்ணைப் பெற்றவள், அந்த வால்ட்டைப் பாதிக்கண் மூடிக்கொண்டுதான் பார்த்தேன். 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்பு, சோவியத் வீராங்கனை யெலெனா முகினா மின்ஸ்க் நகரில் பயிற்சியின்போது தாமஸ் சால்ட்டோ என்ற வித்தையில் கழுத்து முறிந்து, வாழ்நாள் முழுவதும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தார். அந்த வித்தையைப் பெண்களுக்குப் பிற்பாடு தடை செய்தீர்கள். அது நேரான முடிவு. உயிருக்கு ஆபத்து என்றால் கூடாது என்று சொல்லிவிட வேண்டும். விலையைக் குறைப்பது என்ன முடிவு? செய்யலாம், ஆனால் கூலி குறைவு. கூலி குறைந்தால் ஆசைப்பட மாட்டார்கள் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். அதில் நியாயமும் உண்டு. வேறு எதையும் இந்த அளவு கைவசம் வைத்திராத சிறிய நாட்டுப் பெண்கள்தான் இதில் இறங்கினார்கள் என்பதையும், எகிப்து, டொமினிகன் குடியரசு, இந்தியா என்று அந்தப் பட்டியல் போனதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். அப்படியானால் அதை எழுதுங்கள். 0.6 ஏன், 0.4 ஏன் இல்லை, 1.0 ஏன் இல்லை? காயங்களை எண்ணிப் பார்த்தீர்களா, உயரத்தையும் சுழற்சியையும் அளந்தீர்களா, ஓட்டெடுத்தீர்களா? ஐந்தாறு ஆண்டு உடம்பைச் செலவழித்து ஒரு பொருளை வாங்கியவருக்கு, விலை வீழ்ந்த காரணத்தைக் கேட்கும் உரிமை உண்டு.

அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் விஷயத்தில் இது வெட்டவெளிச்சமானது. 2019 ஷ்டுட்கார்ட் உலகப் போட்டியில் பேலன்ஸ் பீமிலிருந்து இரண்டு குட்டிக்கரணமும் இரண்டு திருகலும் சேர்த்து இறங்கினார். பீமின் அகலம் பத்து சென்டிமீட்டர், என் பேரேட்டின் அகலத்தில் பாதி கூட இருக்காது. அதற்கு எச், அதாவது 0.8. தரைப்பயிற்சியில், ஸ்பிரிங் வைத்த தளத்தில் முழு ஓட்டமெடுத்து அதே குட்டிக்கரணத்தைச் செய்தாலும் 0.8. ஓட இடமில்லாத பலகைக்கும் பன்னிரண்டு மீட்டர் தளத்துக்கும் ஒரே விலை! உலகம் சிரித்த பிறகுதான் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஓர் அறிக்கை விட்டீர்கள். நான்காண்டு கழித்து ஆன்ட்வெர்ப்பில் அவர் காலை நீட்டி இடுப்பை மடித்துப் பின்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம் போடும் ‘யுர்சென்கோ இரட்டை பைக்’ வால்ட் செய்தபோது, ஏதாவது ஆகிவிட்டால் தாங்கிப் பிடிக்கலாம் என்று பயிற்சியாளர் லோரன் லாண்டி பக்கத்தில் நின்றார். நின்றதற்கு 0.5 கழித்தீர்கள். பாதுகாப்புக்காக விலையைக் குறைக்கும் அதே விதிநூல், பாதுகாப்புக்காக ஒருவர் பக்கத்தில் நின்றால் அபராதம் போடுகிறது. தணிக்கையில் இப்படி ஒரு முரண் வந்தால் சிவப்பு மையில் வட்டம் போடுவோம்.

இனி பாரிஸ். 2024 ஆகஸ்ட் 5, பெண்கள் தரைப்பயிற்சி இறுதிப்போட்டி. ருமேனியாவின் அனா பார்போசு 13.700, அவருடைய சக நாட்டவர் சப்ரினா மனேகா-வொய்னியாவும் 13.700. சமநிலை வந்தால் செய்நேர்த்தி கூடியவருக்கு முன்னிடம் என்ற விதிப்படி பார்போசு மூன்றாவது. கடைசியாக ஆடிய அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்கு 13.666. பார்போசு ருமேனியக் கொடியைக் கையில் விரித்துக்கொண்டு மேடையில் நின்றார். ஒரு தாவலுக்கு உரிய மதிப்பு சேர்க்கப்படவில்லை என்று சைல்ஸின் பயிற்சியாளர் முறையிட்டார். கடினத்தன்மை 5.8 என்பது 5.9 ஆனது, மொத்தம் 13.766. பார்போசு பலகையை அண்ணாந்து பார்த்தார். கொடி கையிலிருந்து விழுந்தது.

(முறையிட்ட பயிற்சியாளர் செசில் லாண்டி, ஆன்ட்வெர்ப்பில் பக்கத்தில் நின்று அபராதம் வாங்கித் தந்தவரின் மனைவி. அந்தத் தம்பதிக்கும் உங்கள் விதிநூலுக்கும் ஜாதகம் பொருந்தவில்லை போலிருக்கிறது.)

கடைசியாக ஆடுபவருக்கு முறையிட ஒரு நிமிடம்தான் அவகாசம். ருமேனியர்கள் வழக்குப் போட, ஐந்து நாள் கழித்து விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் சொன்னது: முறையீடு வந்தது ஒரு நிமிடம் நான்கு நொடியில், ஆகவே செல்லாது, மறுபடி 13.666. ஆகஸ்ட் 16 அன்று புக்காரெஸ்டில் பார்போசுவுக்குப் பதக்கம் அணிவித்தார்கள். 47-ஆம் நொடியிலேயே கேட்டதற்கு வீடியோ இருக்கிறது என்று அமெரிக்கர்கள் கொண்டுவந்தார்கள். தீர்ப்பு வந்த பிறகு வந்தது என்று தீர்ப்பாயம் அதைப் பார்க்க மறுத்தது. சைல்ஸ் சுவிஸ் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். இதற்கிடையில் மனேகா-வொய்னியாவை எல்லாரும் மறந்துவிட்டார்கள். கோட்டைத் தாண்டி மிதித்தார் என்று அவருக்கு 0.1 கழித்திருந்தீர்கள். குதிகால் கோட்டுக்கு உள்ளேயே நின்றதாகத்தான் எனக்குப் படங்களில் தெரிகிறது. அந்த 0.1 இருந்திருந்தால் 13.800, வெண்கலம் அவருக்கு, வழக்கே இல்லை.

அந்தத் தீர்ப்பில் ஒரு பகுதியைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். ஒரு நிமிட விதியை வைத்திருக்கும் நீங்கள், அந்த நிமிடம் தாண்டியதா என்று அங்கேயே பார்த்துச் சொல்ல எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை. பொதுநியாயப்படி தீர்ப்பளிக்கத் தங்களுக்கு வழி இருந்திருந்தால் மூவருக்கும் வெண்கலம் கொடுத்திருப்போம் என்ற பொருளிலும் தீர்ப்பாயத்தார் எழுதியிருந்தார்கள். எங்கள் வங்கியில் வாசலில் நிற்கும் காவலாளி கூட, மூன்று மணிக்குக் கதவை இழுக்கும் முன் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கோபம் போலியாகிவிடும். என் மகள் பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய காலம். கையெழுத்து நன்றாக இருக்கிறது, கூட்டலும் தெரியும் என்று மாவட்டப் போட்டி ஒன்றில் என்னை மதிப்பெண் மேசையில் உட்காரவைத்தார்கள். நடுவர்கள் துண்டுச்சீட்டில் எழுதித் தருவார்கள், நான் பெரிய தாளில் ஏற்ற வேண்டும். ஒரு நடுவரின் 9-க்குக் கழுத்து ஒடிந்து 4 போல இருக்கும். 7.9 என்ற சீட்டை 7.4 என்று ஏற்றிவிட்டேன். மாலையில் சீட்டுகளைச் சரிபார்க்கும்போதுதான் கண்டுபிடித்தேன். மூன்றாம் இடம் வந்திருக்க வேண்டிய சிறுமி நான்காமிடம் என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போயிருந்தாள். சான்றிதழ் எழுதிக் கொடுத்தாயிற்று, இனிக் கிளற வேண்டாம் என்றார்கள் நடத்தியவர்கள். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனேன். புதிய சான்றிதழின் பின்பக்கத்தில் எந்த எண் தவறாக ஏறியது, யார் ஏற்றினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். முன்பு மூன்றாமிடம் வாங்கிய பெண்ணிடமிருந்து எதையும் திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஆண்டு எங்கள் மாவட்டத்தில் இரண்டு மூன்றாமிடங்கள், அதனால் ஒரு குடியும் முழுகவில்லை. சிறுமியின் அம்மா மோர் கொடுத்தார். சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை அன்றைக்கே மைக்கில் சொல்லியிருந்தால் இவள் மேடையேறியிருப்பாளே அம்மா” என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை, சும்மா சொன்னார். மோரைக் குடித்து முடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

பாரிஸில் நீங்களும் அப்படிப் பங்கிட்டிருக்கலாம். பதக்கத்தைப் பங்கிட்டால் விளையாட்டின் மதிப்புக் கெடும் என்பீர்களோ? 2015-இல் கிளாஸ்கோ உலகப் போட்டியில் அன்ஈவன் பார்ஸில் நான்கு பேர் 15.366 வாங்கினார்கள். நால்வருக்கும் தங்கம் கொடுத்தீர்கள். கிளாஸ்கோவில் கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

பிழை உங்களுடையதாக இருக்கும்போது, அதன் செலவை உடம்பை வளைத்தவர் தலையில் கட்டுவது உங்களுக்குப் பழகிவிட்டது. 2000-இல் சிட்னியில் பெண்களின் வால்ட் ஐந்து சென்டிமீட்டர் தாழ்வாகவே பொருத்தப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஆடவந்த ஆஸ்திரேலியப் பெண் அலனா ஸ்லேட்டர். அதற்குள் ரஷ்யாவின் ஸ்வெட்லானா கோர்கினா அதில் விழுந்து, அந்தக் கலக்கத்தோடு அன்ஈவன் பார்ஸிலும் விழுந்திருந்தார். வேண்டுமானால் வால்ட்டை மறுபடி செய்யலாம் என்றீர்கள். பார்ஸில் விழுந்தது விழுந்ததுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், பெரிய காரியம் எதையும் நான் கேட்கவில்லை. பலகையில் ஓர் எண்ணைக் காட்டுகிறீர்கள், 13.666 என்று. அதற்குள் என்னென்ன வித்தை எண்ணப்பட்டது, எது எண்ணப்படவில்லை என்பது ஆடியவருக்கே அந்த நிமிடத்தில் தெரியாது. பயிற்சியாளர் விரல்விட்டு எண்ணி ஊகித்துத்தான் ஓடுகிறார். அந்த எட்டு வித்தைகளையும் வரிசையாகப் பலகையில் போடுங்கள். எங்கள் ஊர் மளிகைக்கடையில் கூட வெல்லம் இவ்வளவு, பருப்பு இவ்வளவு என்று வரிவரியாகத்தான் சீட்டுத் தருகிறார்கள். சைல்ஸின் தாவல் எண்ணப்படவில்லை என்று அப்போதே எழுத்தில் தெரிந்திருந்தால் நான்கு நொடி மிச்சமாகியிருக்கும்.

முறையீடும் வரவுப் பக்கத்துக்குத்தான். பற்றுப் பக்கத்தில், செய்நேர்த்தியில், எத்தனை கழித்தீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. அதற்குக் காரணம் புரிகிறது, ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினால் போட்டி விடியவிடிய நடக்கும். கேட்க விடாவிட்டாலும் காட்டவாவது செய்யலாம். ஒவ்வொரு நடுவரும் எங்கே எவ்வளவு கழித்தார் என்ற தாளை மறுநாள் வெளியிடுங்கள். தன் கையெழுத்து மறுநாள் பேரேட்டில் எல்லார் கண்ணிலும் படும் என்று தெரிந்தால், இரவே ஒருமுறை கூட்டிப் பார்க்கத் தோன்றும். அனுபவத்தில் சொல்கிறேன்.

கணினியைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். 2019-இல் ஷ்டுட்கார்ட்டில் நான்கு உபகரணங்களில் தொடங்கி, 2023-இல் ஆன்ட்வெர்ப்பில் பத்து உபகரணங்களுக்கும் ஃபுஜிட்சு நிறுவனத்தின் முறை வந்துவிட்டது. மூட்டுகளின் கோணத்தைப் பாகையளவில் சொல்கிறதாம். இந்த இயந்திரத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. எங்கள் வங்கியில் கணினி வந்தபோது முதலில் முகம் சுளித்துவிட்டு, பிறகு அதை விட்டு நகராதவள் நான். ஆனால் முழங்காலின் கோணத்தை அளக்கும் வசதி வந்த மறு ஆண்டுதான் பாரிஸ். அங்கே ஒரு நிமிடத்தை அளக்க ஆள் இல்லை, ஒரு குதிகால் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்ற சந்தேகமும் தீரவில்லை. டென்னிஸில் பந்து கோட்டில் பட்டதா என்று பார்க்கும் ஏற்பாடு எத்தனையோ ஆண்டுகளாக இருக்கிறது. கடினமானதை முதலில் வாங்கிவிட்டு, மலிவானதை மறந்துவிட்டீர்கள்.

அப்புறம் அந்த விலைப்பட்டியல். அடுத்த விதிநூலில் ஒரு வித்தையின் எழுத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் அதற்குப் பக்கத்தில் பழைய எண்ணும், மாற்றிய காரணமும் இரண்டு வரியில் இருக்கட்டும். காரணம் தவறாக இருந்தாலும் பரவாயில்லை, அதோடு சண்டை போடவாவது முடியும். தீபா 2024 அக்டோபரில் ஓய்வை அறிவித்துவிட்டார். அதற்குச் சில மாதம் முன்பு தாஷ்கண்டில் ஆசிய ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன்ஷிப் வால்ட்டில் தங்கம் வாங்கினார், இந்தியாவிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள். அவருக்கு இனி இந்த இரண்டு வரியால் பயனில்லை. அகர்தலாவிலோ, கெய்ரோவிலோ இன்று காலை ஸ்பிரிங் போர்டுக்கு எதிரே நின்று ஓடுவதற்கு அடி எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்குப் பயன்படலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேரேட்டு எழுத்தர்

பின்குறிப்பு: இம்மடலின் கைப்பிரதியில், நெமோவின் திருத்திய மதிப்பெண்ணை முதலில் 9.752 என்று எழுதிவிட்டேன். ஒற்றைக் கோடு இழுத்து 9.762 என்று மாற்றியிருக்கிறேன். அவசரத்தில் எழுதியது காரணம். அடித்தல் ஒன்று, திருத்தல் ஒன்று. சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.